முடிக்கூடு: ஒரு புரையின் வரலாறு

1944ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 'ஜீப் நோய்' என்னும் விந்தையான தலைப்புடன் ஒரு கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர் மினசோட்டா மாநிலத்திலுள்ள மேயோ மருத்துவமனையின் மலக்குடல் நோய் வல்லுநர் லூயிஸ் பூயி. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. குண்டு படாமலும் காய்ச்சல் காணாமலும் இளம் வீரர்கள் ஆயிரக்கணக்கில் இராணுவ மருத்துவமனைகளில் குப்புறப் படுத்துக் கிடந்தனர். முதுகெலும்பின் கடைக்கோடியில், வாலெலும்பை ஒட்டி, பிட்டங்களின் பிளவு தொடங்கும் இடத்தில் அவர்களுக்கு ஒரு சீழ்க்கட்டி. கீறிப் பார்த்தால் உள்ளே சீழோடு ஒரு கற்றை முடி!

1941 முதல் 1945 வரையான ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 அமெரிக்கப் படைவீரர்கள் இந்நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒருவர் சராசரியாக ஒன்றரை மாதத்துக்குக் குறையாமல் அங்கே தங்க நேர்ந்தது. போர்க்களத்துக்குப் போக வேண்டிய ஒரு பெரும்படை கட்டிலில் படுத்திருந்தது என்றே சொல்லலாம். கரடுமுரடான பாதைகளில் கட்டைபோன்ற இருக்கையுள்ள ஜீப் வண்டிகளிலும் லாரிகளிலும் மணிக்கணக்காகக் குலுங்கிச் செல்வதே இதற்குக் காரணம் என்று பூயி கருதினார். 'இயந்திரப் போரின் நோய்' என்றும் அவர் அதைக் குறிப்பிட்டார்.

ஜீப் நோய் என்ற பெயர் பரவிவிட்டது. ஆனால் ஜீப் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த நோய் ஏட்டில் இடம்பெற்றிருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

பெயர் வந்த வழி

முதலில் இந்நோய் எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வோம். பிட்டப் பிளவின் நடுக்கோட்டில் ஊசிமுனை அளவில் ஒன்றோ இரண்டோ சிறு துளைகள் தோன்றும். அவை வலிப்பதில்லை, எனவே உடையவருக்கே அவை இருப்பது தெரியாது. துளையின் கீழே, தோலுக்கடியில், ஒரு பை உருவாகி அதில் முடி சேர்கிறது. கிருமிகள் புகுந்தால் அந்தப் பை சீழ்க்கட்டியாக வீங்கி உடைகிறது. உடைந்த வாய் மூடாமல் கசிந்துகொண்டே இருக்கும். சில நாள் மூடும், மறுபடி வீங்கும். இவ்வாறு உள்ளே குழாய்போல் ஓடி ஆறாமல் நிற்கும் புண்ணுக்குத் தமிழில் பழைய பெயர் புரை என்பதாகும். 'புண் புரையோடிவிட்டது' என்று இன்றும் சொல்கிறோமல்லவா?

இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவரான ஹெர்பர்ட் மேயோ, 1833இல் மலக்குடல் நோய்கள் பற்றித் தாம் எழுதிய நூலில், முடி அடைந்த இத்தகைய புரை ஒன்றை விவரித்தார். நோயாளி ஒரு பெண். (மினசோட்டா மருத்துவமனையை நிறுவிய மேயோக்கள் வேறு, இவர் வேறு.) 1847இல் ஆண்டர்சன் என்ற அமெரிக்க மருத்துவர், புண் ஒன்றிலிருந்து முடியை எடுத்த செய்தியைப் பாஸ்டன் நகர மருத்துவ இதழுக்கு ஒரு கடிதமாக எழுதினார். அதே இதழில்தான் 1880இல் ஹாட்ஜஸ் என்பவர் நோய்க்குப் பெயர் சூட்டினார். இலத்தீன் மொழியில் 'பைலஸ்' என்றால் முடி. 'நைடஸ்' என்றால் கூடு. இரண்டையும் சேர்த்துப் 'பைலோனிடல் சைனஸ்' என்றார். முடிக்கூட்டுப் புரை எனத் தமிழில் சொல்லலாம். பறவை சுள்ளிகளைச் சேர்ப்பதுபோல் உடம்புக்குள் முடி சேர்ந்து கிடப்பதைக் கண்டவர் வைத்த பெயர், பொருத்தமான பெயர்தான்.

நம் நாட்டுச் சுசுருத சம்கிதையிலும் ஆறாப் புரைகளின் வகைப்பாடு உண்டு. அவற்றுள் ஒரு வகை, உடலுக்குள் தங்கிவிட்ட வேற்றுப் பொருளால் வருவது. அத்தகைய பொருள்களை அந்நூல் 'சல்லியம்' என்கிறது. வெளியிலிருந்து பாயும் அம்பும் முள்ளும் மட்டுமன்றி, உடலுக்கே உரிய பல்லும் முடியும் நகமும்கூட இடம் தவறித் தங்கினால் சல்லியமாகும் என்று அது கணக்கிடுகிறது. முடிக்கூட்டைச் சுசுருதர் அறிந்திருந்தார் என்று இதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால், 'முடியும் ஒரு முள்' என்ற இந்த எண்ணத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மேலை நாட்டு மருத்துவம் அந்த இடத்துக்கு வந்துசேர இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிறவிக் குறையா?

முடி அங்கே எப்படிப் போயிற்று? ஹாட்ஜஸ் காலத்துக்குப் பின் கருவியல் ஆய்வு வேகமாக வளர்ந்தது. தாயின் வயிற்றில் கரு உருவாகும்போது முதுகுப்புறத்தில் ஒரு பள்ளம் தோன்றி, அது குழாயாக மூடித் தண்டுவடமாகிறது என்பது தெரிந்தது. அந்தக் குழாயின் வால்முனை முழுவதும் மறையாமல் சிறு துண்டாகத் தங்கிவிட்டால்? அல்லது மூடும்போது தோலின் ஒரு துணுக்கு உள்ளே சிக்கிக்கொண்டால்? அந்தத் தோலில் முடி முளைக்கும். வெளியே வர வழியின்றி உள்ளேயே சுருளும். வேறு சிலர், பறவைகளின் வாலடியில் எண்ணெய் சுரக்கும் சுரப்பியோடு இதை ஒப்பிட்டு, அதன் மிச்சமாக இருக்கலாம் என்றனர்.

கேட்பதற்கு அழகான கொள்கை. முடி இருப்பதற்கும் காரணம் சொல்கிறது, எப்போதும் நடுக்கோட்டிலேயே வருவதற்கும் காரணம் சொல்கிறது. பாடநூல்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் இதையே எழுதின.

ஒரு கொள்கை ஏட்டிலேயே இருந்துவிட்டால் அதனால் யாருக்கும் காயமில்லை. இக்கொள்கையோ அறுவை மேசைக்கு வந்தது. நோய்க்குக் காரணம் பிறவியிலேயே புதைந்த திசு என்றால், அதில் ஒரு துளியும் மிச்சம் வைக்கலாகாது. வைத்தால் மீண்டும் வளரும். எனவே சாயத்தை உள்ளே செலுத்தி, சாயம் படிந்த இடமெல்லாம் வெட்டினார்கள். வாலெலும்பை மூடிய சவ்வு வரை ஆழமாக, பக்கவாட்டில் தாராளமாக வெட்டினார்கள். கைம்முட்டியளவு குழி விழும். அதைத் தையல் போட்டால் பிரிந்துகொள்ளும். திறந்தே விட்டால் அடியிலிருந்து சதை வளர்ந்து நிரம்ப மாதக்கணக்காகும். நாள்தோறும் துணி திணித்துக் கட்ட வேண்டும். ஜீப் நோயாளிகள் படுக்கையில் கிடந்த நாள்களில் பெரும்பகுதி நோய்க்காக அல்ல, இந்த வெட்டுக் காயம் ஆறுவதற்காகவே கழிந்தது. பூயியே இவ்வளவு பெரிய வெட்டை விரும்பவில்லை. பையின் மேற்கூரையை மட்டும் நீக்கி, ஓரங்களை அடிப்பகுதியோடு தைத்துவிடும் சிறிய முறையைக் கையாண்டார். கங்காருவின் வயிற்றுப் பைபோல் வாய் திறந்து நிற்பதால் அதற்கு அந்த விலங்கின் பெயரிலேயே ஒரு பெயரும் உண்டு.

இவ்வளவு வெட்டியும் நோய் திரும்பி வந்தது. எலும்பு வரை தோண்டி எடுத்த இடத்தில், ஓராண்டு ஈராண்டு கழித்து, அதே துளை, அதே சீழ், உள்ளே அதே முடி. 'முழுவதும் எடுக்கத் தவறிவிட்டோம். அடுத்த முறை இன்னும் ஆழமாக வெட்டுவோம்' என்றுதான் பலர் எண்ணினார்கள்.

முடிதிருத்துவோரின் விரலில் கிடைத்த விடை

வேறு விதமாக எண்ணியவர்கள் இலண்டனில் இருந்தனர். அறுவை மருத்துவர் டேவிட் பேட்டியும் நோய்த்திசு ஆய்வாளர் ஸ்கார்ஃபும் மிடில்செக்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள். 113 ஆண்டுகளுக்கு முன் ஹெர்பர்ட் மேயோ பணியாற்றிய அதே மருத்துவமனை. 1946இல் 'லான்செட்' இதழில் அவர்கள் எழுதிய கட்டுரையின் சாரம் எளிமையானது: இது பிறவிக் குறை அன்று, முடி வெளியிலிருந்து உள்ளே போகிறது.

அவர்கள் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். புரையின் சுவரை நுண்ணோக்கியில் பார்த்தால் அங்கே பெரும்பாலும் தோலே இல்லை. வேற்றுப் பொருளைச் சுற்றி உடல் எழுப்பும் ஆறாச் சதைதான் இருக்கிறது. முடி முளைக்க மயிர்க்கால் வேண்டும். சுவரிலோ மயிர்க்கால்கள் காணப்படவில்லை. மயிர்க்காலே இல்லாத அறையில் முடி மட்டும் எப்படி விளையும்? அடுத்து, பிறவித் திசுவை எலும்பு வரை வெட்டி எடுத்த பிறகும் நோய் திரும்புகிறதே, அந்த இரண்டாம் நோய் எந்தப் பிறவியில் வந்தது? கைக்குழந்தைகளுக்கு வராமல் பதினாறு முதல் இருபத்தைந்து வயதுக்காரர்களைத் தேடி வருவதும், நாற்பதைக் கடந்தபின் புதிதாக வருவது அரிதாவதும் பிறவிக் குறைக்குரிய போக்கு அல்லவே.

இருந்தாலும் எதிர்ப்பாளர்களை வாயடைக்க ஒரு நேரடிச் சான்று வேண்டும். அது அவர்களுக்கு முடிதிருத்தும் தொழிலாளியின் கையில் கிடைத்தது. கத்தரித்த முடி நாள் முழுவதும் விரலிடுக்குகளில் விழுகிறது. வியர்வையிலும் நீரிலும் ஊறி மென்மையான அந்த இடுக்குத் தோலை நறுக்கிய முடித்துண்டுகள் துளைத்து உள்ளே புகுகின்றன. அங்கே ஒரு சிறு துளை, அதன் கீழே ஒரு புரை, உள்ளே முடி. பிட்டப் பிளவில் காண்பதன் அச்சு அசலான சிறு பதிப்பு! 1948இல் பேட்டியும் ஸ்கார்ஃபும் இத்தகைய ஒரு கையை விவரித்து எழுதினார்கள். விரலிடுக்கில் தண்டுவடக் குழாயின் மிச்சம் இருக்க முடியாது. உள்ளே கிடந்த முடி தொழிலாளியினுடையதும் அன்று. நாற்காலியில் வந்து உட்கார்ந்த வாடிக்கையாளருடையது. இதற்குமேல் பிறவிக் கொள்கைக்கு என்ன வேலை?

1947இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கிங் என்ற ஆய்வாளரும் இதே முடிவைத் தெரிவித்தார். பின்னர் ஆடுகளின் உரோமம் கத்தரிப்போர், நாய்களுக்கு முடி வெட்டுவோர், பால் கறப்போர் ஆகியோரின் கைகளிலும் இந்தப் புரை கண்டறியப்பட்டது. கறப்பவரின் விரலிடுக்கில் இருந்தது மாட்டு முடி. சலூன் தொழிலாளர்கள் இதைப் பெரும்பாலும் 'சேற்றுப்புண்' என்றோ 'சிலாம்பு ஏறிவிட்டது' என்றோ எண்ணி விட்டுவிடுவார்கள். சிலாம்பு என்பது தவறில்லை. மரச் சிலாம்புக்குப் பதில் முடிச் சிலாம்பு, அவ்வளவே.

முடி எப்படி உள்ளே போகிறது?

மெல்லிய முடிக்குத் தோலைத் துளைக்கும் வலிமை ஏது என்று கேட்கலாம். நம் தலையிலிருந்து ஒரு முடியை எடுத்து, இரு விரல்களுக்கிடையே வைத்து, அடியிலிருந்து நுனிக்கு உருவிப் பாருங்கள், வழுக்கிச் செல்லும். நுனியிலிருந்து அடிக்கு உருவினால் சொரசொரக்கும். முடியின் மேற்பரப்பு கெராட்டின் என்னும் புரதத்தாலான நுண்ணிய செதில்களால் ஓட்டுக் கூரைபோல் வேயப்பட்டிருக்கிறது. செதில்களின் விளிம்புகள் நுனியை நோக்கியவை. ஆகவே முடி ஒரு திசையில் எளிதாக நகரும். எதிர்த் திசையில் செதில்கள் ஊன்றிக்கொள்ளும்.

கிராமத்துப் பிள்ளைகள் புல்லின் கதிரைச் சட்டைக் கைக்குள் விட்டு விளையாடுவதுண்டு. கையை ஆட்ட ஆட்டக் கதிர் தானாக மேலே ஏறும், கீழே இறங்காது. முடியும் அப்படித்தான். நடக்கும்போதும் உட்கார்ந்து எழும்போதும் இரு பிட்டங்களும் ஒன்றோடொன்று உரசுகின்றன. இடையில் சிக்கிய உதிர்ந்த முடி இந்த அசைவால் அடிமுனை முன்செல்ல ஊர்கிறது. வியர்வையில் ஊறிய தோலில் ஒரு பலவீனமான புள்ளி கிடைத்தால் நுழைகிறது. ஒன்று நுழைந்த வழியில் அடுத்ததும் போகும். திரும்பி வரச் செதில்கள் விடுவதில்லை.

இந்த இயக்கத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் ஏதென்ஸ் நகரில் கிரேக்க இராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய ஜார்ஜ் கரிடாக்கிஸ். நோய் உண்டாக மூன்று வேண்டும் என்றார்: படையெடுக்கும் முடி, அதை உந்தும் விசை, இடங்கொடுக்கும் தோல். இராணுவ மருத்துவர் அல்லவா, படையெடுப்பின் மொழியிலேயே சொன்னார்! இம்மூன்றில் எதைக் குறைத்தாலும் நோய் குறைய வேண்டும். 1973இல் 'லான்செட்' இதழில் அவர் வெளியிட்ட அறுவை முறை, பையை எடுப்பதோடு நில்லாமல், பிளவின் ஆழத்தைக் குறைத்து, தையல் கோட்டை நடுவிலிருந்து ஒரு பக்கம் தள்ளி வைத்தது. நடுக்கோட்டில் தழும்பு இல்லை. எனவே முடி நுழையப் பலவீனமான இடமும் இல்லை. 1992இல் அவர் தந்த கணக்கில் நோயாளிகள் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். நோய் திரும்பியது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. மற்றவர்களின் கையில் அதே முறை இவ்வளவு சிறப்பான பலனைத் தரவில்லை எனினும், தையலை நடுக்கோட்டை விட்டு விலக்க வேண்டும் என்ற பாடம் நிலைத்துவிட்டது. பக்கத்துத் தசைத் தோலைச் சாய்சதுரமாகத் திருப்பி மூடும் லிம்பர்க் முறையும் இதே நோக்கில் இன்று பரவலாகச் செய்யப்படுகிறது. இலிம்பர்க் என்பவர் லெனின்கிராட் நகரத்து அறுவை மருத்துவர்.

பூயிக்கும் ஓரளவு நியாயம் வழங்கவேண்டும். 1999இல் துருக்கியில் 1,000 படைவீரர்களைச் சோதித்தபோது 88 பேருக்கு இந்நோய் இருந்தது. உடல் பருமன், குடும்பத்தில் பிறருக்கு இருத்தல் ஆகியவற்றோடு வண்டி ஓட்டும் வேலையும் நோயோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது. ஜீப் நோயை உண்டாக்கவில்லை. ஆனால் முடியை உந்தும் விசைக்கு அது துணை செய்தது எனலாம்.

கத்தி சிறுத்த கதை

காரணம் வெளியிலிருந்து வருவது என்றான பிறகு, எலும்பு வரை தோண்டுவதற்கு நியாயம் இல்லாமற்போயிற்று. 1965இல் இங்கிலாந்தில் லார்டு, மில்லர் என்ற இருவர், நடுக்கோட்டுத் துளைகளை மட்டும் சிறிதளவு வெட்டி நீக்கி, புரையின் உள்ளே சிறு தூரிகையைச் செலுத்தி முடியைத் துப்புரவாக எடுத்தால் போதும் என்று காட்டினார்கள். புட்டியைக் கழுவும் தூரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிட எளிய அறுவைக் கருவி வேறென்ன இருக்க முடியும்?

1980இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் பாஸ்கம் இன்னொரு படி சென்றார். துளை ஒவ்வொன்றையும் அரிசி மணி அளவுக்கு மட்டும் வெட்டியெடுத்தார். உள்ளிருக்கும் குழியைப் பக்கவாட்டில் ஒரு சிறு கீறல் மூலம் துப்புரவு செய்தார். இடத்தை மட்டும் மரக்கச் செய்து அறுவை முடித்து அன்றே வீட்டுக்கு அனுப்பினார். அவர் கருத்தில் ஒரு மாறுதலும் உண்டு: துளைகள் முதலில் மயிர்க்கால்களே, அவை அடைத்து, விரிந்து, உள்ளே வெடிப்பதில்தான் நோய் தொடங்குகிறது, உதிர்ந்த முடி அதன்பின் வந்து சேர்கிறது என்றார். முடி முதலா, மயிர்க்கால் முதலா என்னும் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் இரு தரப்பும் பிறவிக் கொள்கையை ஏற்பதில்லை. பெரிய வெட்டையும் ஏற்பதில்லை.

ஹவாய்த் தீவிலுள்ள டிரிப்ளர் இராணுவ மருத்துவமனையின் அனுபவம் இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அங்கே முன்பு இரண்டாண்டுகளில் 229 பேருக்குப் பழைய முறையில் வெட்டியதில் 4,700 படுக்கை நாள்களுக்கு மேல் செலவாயிருந்தன. பிறகு மருத்துவர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். சீழ் கட்டினால் நடுக்கோட்டை விட்டுத் தள்ளிச் சிறிதாகக் கீறி வடிப்பது, சுற்றியுள்ள முடியை வாரந்தோறும் நீக்குவது, இடத்தைத் துப்புரவாக வைப்பது, அவ்வளவே. அடுத்தடுத்து வந்த 101 நோயாளிகளுக்கு இவ்வாறு சிகிச்சை அளித்ததில் ஓராண்டில் செலவான படுக்கை நாள்கள் மொத்தம் 83. அதன்பின் 17 ஆண்டுகளில் அங்கு வெட்டி அகற்றும் அறுவை தேவைப்பட்டது 23 முறைதான். இந்தக் கணக்கு 1994இல் வெளியிடப்பட்டது. உலகப் போரில் படுத்திருந்த அந்த 80,000 பேரை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது.

மழிப்பதா, வேண்டாமா?

முடிதான் எதிரி என்றால் மழித்துவிடலாமே என்று தோன்றும். நெடுங்காலம் அதுவே அறிவுரையாகவும் இருந்தது. அறுவைக்குப் பின் சவரக்கத்தியால் மழித்துவந்த ஜெர்மானிய நோயாளிகளைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிக் கணக்கெடுத்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. 2009இல் வெளியான அந்த ஆய்வில், மழித்தவர்களுள் நூற்றுக்கு 30 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. மழிக்காதவர்களுள் நூற்றுக்கு 20 பேருக்குத்தான். மழித்த முடியின் அடிக்கட்டை கூர்மையானது. மழிக்கும்போது சிதறும் துண்டுகள் அங்கேயே தங்குகின்றன. தோலில் நுண்ணிய கீறல்களும் விழுகின்றன. மழிப்பது தீங்கே செய்யும் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஹவாயில் அது பலன் தந்திருக்கிறது. எனினும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தானாகக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சவரக்கத்தியை ஓட்டுவது நல்லதன்று என்பது என் கருத்து.

லேசர் ஒளி பாய்ச்சி முடியை வேரிலேயே அழிக்கும் முறைக்கு இப்போது வலுவான சான்று கிடைத்திருக்கிறது. 11 முதல் 21 வயதுக்குட்பட்ட 302 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2024இல் முழுமையாக வெளியாயிற்று. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுள் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 33.6 விழுக்காட்டினருக்கு, அதோடு லேசர் சிகிச்சையும் பெற்றவர்களுள் 10.4 விழுக்காட்டினருக்கு.

நாம் அறியவேண்டியவை

நார்வே நாட்டுக் கணக்கொன்றின்படி இந்நோய் ஆண்டுதோறும் இலட்சத்துக்கு 26 பேருக்கு வருகிறது; ஆண்களுக்கு வருவது பெண்களைவிட இரு மடங்குக்குச் சற்று அதிகம்; பெரும்பாலோர் இருபதைச் சுற்றிய வயதினர். அதாவது இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்களின் வயது. அந்த வயதில், அந்த இடத்தில் வரும் கட்டியைத் தாயிடமும் சொல்லக் கூச்சம், மருத்துவரிடமும் காட்டக் கூச்சம். சூட்டுக்கட்டி என்று எண்ணிப் பற்றுப் போட்டு, உடைந்ததும் மறந்து, ஆறு மாதம் கழித்து மறுபடி வீங்கிய பின்னரே பலர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். அதற்குள் ஒரு துளை நான்கு துளையாகியிருக்கும்.

கட்டியைப் பிதுக்கக் கூடாது. ஊசியால் குத்தக் கூடாது. சீழ் கட்டிவிட்டால் ஆன்டிபயாடிக் மாத்திரை மட்டும் அதைக் கரைக்காது. மருத்துவர் கீறி வடிக்கத்தான் வேண்டும். அது சில நிமிட வேலை. காய்ச்சல் வந்தாலும், சிவப்பு பரவினாலும், சர்க்கரை நோய் இருந்தாலும் ஒரு நாளும் தள்ளிப்போடலாகாது. ஆசனவாயிலிருந்து தொடங்கும் பவுத்திரமும் இதே இடத்தருகில் வாய் திறக்கக்கூடும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஆகவே எதுவென்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள். மிகப் பல ஆண்டுகள் ஆறாமலே விட்ட புரையில் புற்றுநோய் தோன்றுவதும் உண்டு. அரிது, ஆனால் உண்டு. தொந்தரவே தராமல் இருக்கும் வெறும் துளைக்கு அறுவை தேவையில்லை. துப்புரவும் கண்காணிப்பும் போதும்.

முகத்தில் சவரம் செய்தபின் சிறு கட்டிகள் எழுவது இதன் ஒன்றுவிட்ட உறவு. அங்கே உதிர்ந்த முடி புகுவதில்லை. மழித்த சுருட்டை முடி வளரும்போது வளைந்து, பக்கத்துத் தோலிலேயே குத்திக்கொள்கிறது. சில வாரங்கள் சவரத்தை நிறுத்தினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். மீண்டும் தொடங்கும்போது தோலை வெந்நீரில் நனைத்து, முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே, ஒட்ட இழுக்காமல் மழிக்க வேண்டும்.

பிட்டப் பிளவுக்குரிய தற்காப்பு நாள்தோறும் குளிக்கும்போது அவ்விடத்தைச் சோப்பிட்டுக் கழுவி ஈரமின்றித் துடைப்பதும், ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்காராமல் இடையிடையே எழுந்து நடப்பதும், உடல் எடையைக் கட்டுக்குள் வைப்பதும் ஆகும். இன்னொன்றும் உண்டு. அது 2018இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு செய்தியால் தெரியவந்தது.

டீட்ரிக் டோல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அறுவையில் எடுத்த முடிக்கூடுகளைப் பிரித்து, முடிகளை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். அங்கே வளர்ந்து உதிர்ந்த முடியானால் வேர் இருக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் வேர் இல்லை. இரு முனைகளும் கூராக வெட்டுப்பட்ட குட்டைத் துண்டுகள் ஏராளமாக இருந்தன. தன்மையை ஒப்பிட்டபோது அவற்றுள் மிகுதியானவை பிடரியில் வளரும் தலைமுடியை ஒத்திருந்தன. முடி வெட்டிக்கொள்ளும்போது கழுத்து வழியே சட்டைக்குள் விழும் துண்டுகள், முதுகுப் பள்ளத்தில் வழுக்கி, நேரே பிட்டப் பிளவில் போய்ச் சேர்கின்றன! பேட்டியும் ஸ்கார்ஃபும் முடிதிருத்துவோரின் விரலில் கண்டது அவருடைய வாடிக்கையாளரின் முதுகிலும் நடந்துகொண்டிருந்தது. நம் ஊரில் முடி வெட்டிக்கொண்டு வந்தவரைத் திண்ணையிலும் உட்கார விடாமல் நேரே குளிக்க அனுப்பும் பழக்கத்துக்கு வேறு காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றை நாம் ஏற்க வேண்டியதில்லை. குளியலை மட்டும், முதுகு முழுவதும் நனைய, விடாமல் வைத்துக்கொள்ளலாம். வெட்டுபவர்கள் வேலை முடிந்ததும் விரலிடுக்குகளைக் கழுவித் துடைத்து, அங்கே முடித்துண்டு ஏதும் செருகியிருந்தால் அன்றே இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். செருப்பணிந்து நிற்பவர்கள் கால்விரல் இடுக்குகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.